மூடும் முன் தட்டிப் பாருங்கள்: உட்கூரைப் பலகை குறித்த வாசகர் கேள்விகள்

வீட்டின் உட்கூரையில் மரப்பலகையோ லேமினேட் பலகையோ அடிப்பது குறித்துப் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் படுக்கையறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது, கூரை காங்கிரீட் தளம். மேலே மொட்டை மாடி. தரைக்காக வாங்கிய 8 மில்லிமீட்டர் லேமினேட் பலகைகள் சில பெட்டிகள் மீந்துவிட்டன. அவற்றை உட்கூரையில் அடிக்க விரும்புகிறேன். விற்ற கடைக்காரர், நல்ல பசை தடவி ஒட்டினாலே போதும் என்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு மூலையில் ஓதம் தெரிந்தது. பலகை அடித்தால் அதுவும் மறைந்துவிடும் அல்லவா? — வாசகி, ஸ்ரீரங்கம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஓதத்தைப் பலகையால் மறைக்காதீர்கள். தளத்தின் வழியே இறங்கும் நீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கீழேயுள்ள காங்கிரீட்டை நெட்டித் தள்ளும். முதலில் கறை, பிறகு கம்பியின் போக்கிலேயே ஓடும் மெல்லிய வெடிப்பு, அதன் பிறகு காரை பெயர்ந்து விழுதல் என்று அது படிப்படியாக வளரும். திறந்த தளத்தில் இவை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்து நம்மை எச்சரிக்கின்றன. பலகை அடித்த தளத்தில் எதுவும் தெரியாது. நான் தொழில் தொடங்கிய காலத்தில், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக இப்படி ஒரு கறையின் மீது பலகை அடித்துக் கொடுத்தேன். இரண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு பலகைகள் உப்பின. கழற்றிப் பார்த்தபோது பெயர்ந்து விழுந்திருந்த காரைத் துண்டுகள் பலகையின் முதுகில் கிடந்தன. கீழே ஒரு குழந்தையின் கட்டில் இருந்தது. அன்று முதல், தட்டிப் பாராமல் எந்தத் தளத்தையும் நான் மூடியதில்லை.

தட்டிப் பார்ப்பதற்குக் கருவி ஏதும் வேண்டாம். ஏணியில் ஏறி, சுத்தியலின் மரக் கைப்பிடியால் தளம் முழுவதையும் அரை அடிக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் எவருக்கும் இந்த வேறுபாடு புரியும்: உறுதியான தளம் இறுக்கமாக ஒலிக்கும், பூச்சோ காங்கிரீட்டோ விட்டுப்போன இடம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்று ஒலிக்கும் இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டு, அங்குள்ள பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பி தெரிந்தால் துருவைத் தேய்த்து நீக்கி, முறையாக மறுபூச்சு செய்த பின்னரே அடுத்த வேலை. மேலே மொட்டை மாடி என்பதால், மழைநீர்க் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கறை படர்ந்தால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள். கசிவை அடைத்த பிறகும் அவசரப்படக் கூடாது. இரண்டடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை அந்த மூலையில் நாலாபுறமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை.

இனிப் பசை பற்றி. லேமினேட் பலகையின் நடுப்பகுதி, மரநாரை அழுத்திச் செய்த உயர் அடர்த்தி நார்ப்பலகை. 8 மில்லிமீட்டர் கனத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ இருக்கும். உங்கள் அறைக்கு 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல். பலகையின் எடை மட்டும் 78 கிலோவை ஒட்டி வரும். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடித்துக்கொள்வது காங்கிரீட்டை அன்று. காங்கிரீட்டின் மேல் பூச்சு, பூச்சின் மேல் பட்டி, பட்டியின் மேல் வண்ணம் என்று அடுக்கிய அடுக்குகளில் ஆகக் கடைசியானதை மட்டுமே அது பிடிக்கிறது. பட்டி உரிந்தால் பசையும் பலகையும் சேர்ந்தே வரும். தரையில் எடை பலகையைத் தன் இடத்தில் அழுத்தி வைக்கிறது. மேலே அதே எடை ஒவ்வொரு நொடியும் அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னதைத் தரையில் நின்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது ரீப்பர் சட்டம், அதாவது மெல்லிய நீள மரக்கட்டைகளாலான சட்டம். இரண்டு அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள, நன்றாகக் காய்ந்த ரீப்பர்களை அறையின் குறுக்கே 10 அடிப் போக்கில் பொருத்தி, பலகைகளை அவற்றுக்குக் குறுக்காக 12 அடிப் போக்கில் அடிக்க வேண்டும். ரீப்பர்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதைப் பலகையே சொல்லிவிடும்: பலகையின் நீளத்தை அளந்து மூன்றால் வகுங்கள். நான்கடிப் பலகையானால் 16 அங்குலம் வரும். அப்படி வைத்தால் ஒவ்வொரு பலகையின் இரு முனைகளும் தாமாகவே ரீப்பரின் மேல் வந்து உட்காரும். முனை அந்தரத்தில் தொங்கும் பலகைதான் நாளடைவில் முதலில் வாய் பிளக்கும். உங்கள் அறைக்கு இந்தக் கணக்கில் 10 ரீப்பர்கள், மொத்தம் 100 அடி தேவைப்படும். ஒவ்வொரு ரீப்பரிலும் ஒன்றரை அடிக்கு ஒரு திருகு என்றால் எட்டு, ஆகமொத்தம் 80 திருகுகள். பலகையும் ரீப்பருமாகச் சுமார் 100 கிலோ என்று கொண்டால் ஒரு திருகின் பங்கு ஒன்றேகால் கிலோதான். ஆகையால் எடை நம்மை அச்சுறுத்த வேண்டியதில்லை. அரைகுறையாகப் பிடித்த திருகுதான் அச்சுறுத்த வேண்டும். ஒன்று கழன்றால் அதன் பங்கு அண்டைத் திருகுக்குப் போகும். அதுவும் அரைகுறை என்றால் வரிசையே இறங்கத் தொடங்கும்.

துளையிடுவதற்கு 8 மில்லிமீட்டர் பிட், அதே அளவு நைலான் பிளக், மூன்று அங்குலத் திருகு ஆகியவை சரியாக இருக்கும். விலை மலிந்த, கையால் நசுக்கினாலே பிளந்துவிடும் பிளக்குகளைத் தலைக்கு மேல் வேலைக்கு வாங்காதீர்கள். மூன்று அங்குலத்தில் ஓர் அங்குலம் ரீப்பரிலும், சிறு பகுதி பூச்சிலும் போக, ஒன்றரை அங்குலமாவது காங்கிரீட்டுக்குள் நிற்கும். தளத்தின் அடிப்பகுதியில் கம்பிக்குக் கீழே உள்ள காங்கிரீட் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் அளவே இருக்கும் என்பதால், சில துளைகளில் பிட் கம்பியில் முட்டி நின்றுவிடும். கம்பியை வெட்ட முயலாமல் ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள். கம்பியைவிடக் கவனம் வேண்டியது மின்குழாய். நம் ஊர்களில் தளம் போடும்போதே மின்விசிறிப் பெட்டிக்கான குழாய்களைக் காங்கிரீட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். அவை விசிறிப் பெட்டியிலிருந்து சுவரிலுள்ள இணைப்புப் பெட்டிகளை நோக்கிச் செல்லும். அந்தப் பாதைகளை முதலில் தளத்தில் வரைந்து, இருபுறமும் அரை அடி விட்டு, அதற்கு வெளியே மட்டும் துளையிடுங்கள். அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தி, துளையிடும் கருவிக்கு வேறு அறையிலிருந்து இணைப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் ஏணியில் ஏற வேண்டாம். மேல்நோக்கித் துளையிடும்போது தூசு முழுவதும் முகத்துக்குத்தான் வரும்.

தளம் எங்கும் ஒரே மட்டத்தில் இருக்காது. நீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல் பிடித்துச் சுவர் நான்கிலும் மட்டம் குறித்து, நூல் கட்டி, தளம் மேலேறிய இடங்களில் ரீப்பருக்கும் தளத்துக்கும் இடையே ப்ளைவுட் சில்லுகளைக் கொடுத்து நூலுக்கு இறக்குங்கள். இந்த வேலையில் செலவிடும் அரை நாள் பின்னால் எல்லா வரிசையிலும் பலன் தரும்.

பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்த பின் வேலையைத் தொடங்குங்கள். அறையின் அகலத்தைப் பலகையின் அகலத்தால் முன்கூட்டியே வகுத்துப் பார்த்து, கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக வரும் என்று தெரிந்தால், முதல் வரிசைப் பலகையையும் நீளவாக்கில் அறுத்து இரு ஓரங்களும் ஏறத்தாழ ஒத்த அகலத்தில் வருமாறு செய்யுங்கள். சுவர் ஓரங்களில் எல்லாப் பக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதைப் பின்னர் பீடிங் என்னும் ஓரச்சட்டம் மறைத்துவிடும். முதல் வரிசையை நூலுக்கு நேராகப் பிடித்து, சுவரோரமாக, பீடிங் மறைக்கும் இடத்தில் நேரடியாகத் திருகு போடலாம். அடுத்தடுத்த வரிசைகளில், பலகை ஓரத்தில் பள்ளம் வெட்டிய காடிப் பக்கத்தில் ரீப்பரை ஒட்டி நீண்டிருக்கும் உதட்டின் வழியே பின் கன் என்னும் ஆணித்துப்பாக்கி கொண்டு மெல்லிய ஆணி அடித்தால், காடிக்குள் நுழையும் அடுத்த பலகையின் நாக்கு அதை மறைத்துக்கொள்ளும். அந்த உதடு மெலிதானது என்பதால், ஆணியோடு ரீப்பரின் மீது நெகிழ்வுத்தன்மையுள்ள பசையும் ஒரு கோடு இடுங்கள். பசைக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் துணைவேலை மட்டுமே. இரண்டு பேர் இல்லாமல் தொடங்க வேண்டாம்: ஒருவர் பலகையைத் தாங்க, மற்றவர் பொருத்த வேண்டும். கடைசியாக ஒன்று: தரைக்கென விற்ற பலகையை மேலே அடித்தால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பலகை அடித்த பிறகு மின்விசிறியை எதில் மாட்டுவது? சிறு எல்.இ.டி. விளக்குகளைப் பலகையில் பதிக்கலாமா? — வாசகர், மதுரை.

பதில்: விசிறி, தளத்தில் பதித்த கொக்கியில்தான் தொங்க வேண்டும். பலகையிலோ ரீப்பரிலோ அதன் எடையில் ஓர் இம்மியும் ஏறக் கூடாது. எடையைவிட அதன் ஓயாத அதிர்வுதான் பலகையின் பிடிப்பைத் தளர்த்தும். கொக்கிக்கு நேரே பலகையில் வட்டமாகத் துளையிட்டு, விசிறித் தண்டு பலகையைத் தொடாமல் இறங்குமாறு செய்து, விசிறியின் கிண்ணத்தால் துளையை மூடுங்கள். மூடுவதற்கு முன் கொக்கியைச் சோதியுங்கள். பழைய வீடுகளில் விசிறித் தண்டு பல்லாண்டுகள் உராய்ந்து கொக்கியைப் பாதியாகத் தேய்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விசிறி இலைக்கும் பலகைக்கும் இடையே ஓரடி இருந்தால் காற்று நன்றாக இறங்கும். குறைந்தால் நீளமான தண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. விளக்குகளைப் பதிக்கலாம். ஆனால் அவற்றின் டிரைவர் என்னும் சிறு பெட்டி சூடாகும் பொருள், பழுதாகும் பொருளும்கூட; எனவே விளக்கை இறக்கினால் கையோடு வெளியே வருமாறு அது இருக்க வேண்டும். ரீப்பரின் ஓர் அங்குல இடைவெளியில் ஆழம் மிகுந்த விளக்குகள் அடங்கா. வாங்குவதற்கு முன்பே ஆழத்தை அளந்து, தேவையானால் ரீப்பரின் கனத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலகைக்குப் பின்னால் ஓடும் கம்பிகள் அனைத்தும் குழாய்க்குள் ஓட வேண்டும். இணைப்புகள் அனைத்தும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேப் சுற்றிய இணைப்பை மரத்தின் முதுகில் போட்டு மூடுகிற பழக்கத்தை மின்பணியாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் குடியிருக்கிறோம். சித்திரை, வைகாசியில் இரவு பதினொரு மணிக்கும் தளம் அனலை இறக்குகிறது. மரப்பலகை அடித்தால் வெப்பம் குறையுமா? — வாசகி, தாம்பரம்.

பதில்: சிறிதளவு குறையும், ஆனால் அந்தச் சிறிதளவுக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய காங்கிரீட், அதை இரவில் மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. 8 மில்லிமீட்டர் பலகை அதற்குப் போதிய தடையாகாது. வெயிலை மேலேயே தடுப்பதுதான் முதல் மருந்து: தட்டோடு பதித்த மாடியானால் அதன் இணைப்புகளைச் சீர்செய்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடி பொதுவானது என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் இசைவு வேண்டியிருக்கும்.

அதையும் செய்துவிட்டுப் பலகையும் அடிப்பதாக இருந்தால், ரீப்பர்களுக்கு மேல் தளத்தைப் பார்த்தவாறு அலுமினியத் தகடு ஒட்டிய காப்புத் தாளை விரியுங்கள். அந்தப் பளபளப்பான முகத்துக்கும் தளத்துக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால்தான் அது பயன்படும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் அது வெறும் அலுமினியம்தான். எனவே தளத்தோடு ஒட்டிய சட்டத்துக்குப் பதிலாகச் சற்று இறக்கித் தொங்கவிட்ட சட்டம் தேவைப்படும், உயரம் குறையும். குடியிருக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், குளிர்சாதனம் பொருத்திய அறையில் இறக்கிய உட்கூரை வரை 2.4 மீட்டராவது இருக்க வேண்டும் என்றும் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அளந்து பார்த்து, இடமிருந்தால் மட்டும் இறக்குங்கள்.

கேள்வி: என் தாத்தா வீட்டில் முன்னறைக்கு மரத்தட்டு அடித்திருந்தார்கள், நூறாண்டாகியும் அசையவில்லை. நான் கட்டும் வீட்டில் லேமினேட் வேண்டாம், அசல் மரமே அடிக்க விரும்புகிறேன். எந்த மரம் நல்லது? — வாசகர், நாகர்கோவில்.

பதில்: உங்கள் ஊருக்கு அருகே தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கிய மர விதானம் இன்றும் நிற்கிறது. இரு பருவமழையும் பெய்கிற, காற்றில் ஈரம் மிகுந்த உங்கள் பகுதியில் மரம் அத்தனை காலம் தாங்குகிறது என்றால் அதற்கு மரத்தின் சாதி மட்டும் காரணமன்று. சரிவான ஓட்டுக்கூரை நீரை உடனே வடித்துவிடுகிறது. திறந்த முகப்பில் காற்று தடையின்றி ஓடுகிறது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தாத்தா வீட்டில் நின்றது பேரன் வீட்டிலும் நிற்கும் என்று சொல்ல இயலாது.

தேக்கின் வைரப்பகுதி, அதாவது நடுவே முற்றிய பகுதி, முதல் தேர்வு; கரையானும் துளைப்பூச்சியும் அதை எளிதில் தொடுவதில்லை. ஆனால் தேக்கிலும் வெளுத்த வெள்ளைப்பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. விலை குறைத்துத் தரும் பலகைகளில் அந்த வெளுப்பு ஓரமாக ஓடுகிறதா என்று ஒவ்வொரு பலகையையும் திருப்பிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பலா நல்ல மரம். உங்கள் பக்கத்தில் கிடைக்கவும் செய்யும். இறக்குமதிப் பைன் இலேசானது, அடிக்க எளிதானது, உட்கூரைக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் மருந்தேற்றியதாக இருக்க வேண்டும். ரப்பர் மரம் குமரியில் மலிவாகக் கிடைக்கிறது. அறுத்தவுடனே போரான் மருந்தேற்றாத ரப்பர் மரத்தை எவர் சொன்னாலும் வாங்காதீர்கள். ஓராண்டுக்குள் கட்டிலின் மீது மாவு போல் தூள் கொட்டத் தொடங்கும். அது துளைப்பூச்சியின் வேலை.

அசல் மரத்துக்கும் லேமினேட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மரம் தன் அகலவாக்கில் ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதுதான். மழைக்கால ஈரத்துக்கும் கோடை வறட்சிக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறினால், ஆறு அங்குலத் தேக்குப் பலகை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரிந்து சுருங்கும். அற்பமாகத் தோன்றும், ஆனால் பத்தடி அறையில் இருபது பலகைகளை இடைவெளியின்றி இறுக்கி அடித்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஓர் அங்குலம்! அந்த ஓர் அங்குலம் எங்கே போகும்? பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக் கீழ்நோக்கி வளையும். அதனால்தான் பழைய ஆசாரிகள் ஒவ்வொரு பலகையையும் நாக்கும் காடியுமாகச் செய்து, ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்து, மறுபக்கத்தைக் காடிக்குள் நகரவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். கோடையில் அடித்தால் காடிக்குள் ஒரு மில்லிமீட்டர் விட்டு அடிக்க வேண்டும். கார்த்திகையில் அடித்தால் இறுக்கமாக அடித்தாலும் பங்குனியில் தானாகவே இடைவெளி திறக்கும். மெருகெண்ணெயோ வார்னிஷோ, எதுவானாலும் பலகையின் முதுகிலும் ஒரு கை பூசிய பின்னரே மேலே ஏற்றுங்கள். முகத்தில் மட்டும் பூசிய பலகை முதுகின் வழியே ஈரம் குடித்துக் கிண்ணம் போல் வளையும். கடற்காற்று வீசும் ஊர் என்பதால் ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

கேள்வி: சமையலறைக்கும் குளியலறைக்கும் இதே லேமினேட்டை அடிக்கலாமா? — வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: குளியலறைக்கு வேண்டாம். நீராவி இணைப்புகளின் வழியே புகுந்து நார்ப்பலகையின் ஓரங்களை உப்பச் செய்யும். உப்பியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. அங்கே பி.வி.சி. பலகை அடியுங்கள். சமையலறையில் அடுப்புக்கு நேர்மேலும் அதைச் சுற்றி நான்கைந்து அடிக்கும் எந்தப் பலகையும் வேண்டாம். மரம் எண்ணெய்ப் பிசுக்கை ஏந்திக்கொண்டு தீக்கு இரையாகக் காத்திருக்கும், பி.வி.சி. சூட்டில் தொய்ந்துபோகும். அந்த இடத்தைத் துடைக்கத்தக்க வண்ணப்பூச்சோடு அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு. சூட்டையும் தோற்றத்தையும் கருதி உள்ளே பலகை அடிக்க நினைக்கிறோம். ஷீட்டிலேயே துளையிட்டுத் தொங்கவிடலாம் என்கிறார் தச்சர். — வாசகர், திருப்பூர்.

பதில்: துளையிடவே கூடாது. இதை உங்கள் தச்சரின் நலனுக்காகவும் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரைத் துளைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களை உண்டாக்கக்கூடியவை அவை. உடையாத ஷீட்டைச் சும்மா விட்டால் ஆபத்து குறைவு. அதன் மீது கருவியை வைப்பதுதான் ஆபத்து.

சுவருக்குச் சுவர் இரும்புச் சதுரக் குழாய்களைக் கொடுத்து, அவற்றின் முனைகளைச் சுவரில் ஊன்றி, ரீப்பர்களை அக்குழாய்களில் பூட்டுங்கள். சட்டம் ஷீட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஷீட்டுக்கும் பலகைக்கும் இடையே ஓரடியாவது விட்டு, எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் வலையடித்த காற்றுத்துளைகள் வையுங்கள்; வெப்பக் காற்று அங்கே அடைபட்டால் பலகையும் சூடேறி, நீங்கள் எண்ணிய பயன் கிடைக்காது. கைப்பணம் இருக்குமானால், பலகைக்குச் செலவிடுவதை முதலில் கூரையை மாற்றுவதற்குச் செலவிடுங்கள் என்றே சொல்வேன். அப்போதும் பழைய ஷீட்டுகளை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்க வேண்டும்.

கேள்வி: மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு, கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் நன்றாக இருக்கின்றன. அவற்றின் கீழே பலகை அடிக்கலாமா? — வாசகர், நாங்குநேரி.

பதில்: அடிக்கலாம். வைரம் பாய்ந்த பனங்கை இரும்பு போன்றது. நேரடியாக ஆணியடித்தால் ஆணி வளையும் அல்லது பனங்கை பிளக்கும். முதலில் துளையிட்டுப் பிறகு திருகு போடச் சொல்லுங்கள். பனங்கைகள் நேராக இருப்பதில்லை என்பதால் அவற்றின் கீழே மட்டம் பார்த்து ரீப்பர் கொடுத்துத்தான் பலகை அடிக்க வேண்டும்.

ஓட்டுவீட்டின் தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. காற்றோடு அடிக்கும் மழையில் ஓட்டின் இடுக்குகளில் தூவானம் இறங்கும். இதுவரை அது தரையில் விழுந்து காய்ந்தது, இனி பலகையின் முதுகில் தேங்கும். எனவே உடைந்த ஓடுகளை மாற்றிய பிறகே பலகை. லேமினேட் வேண்டவே வேண்டாம், மருந்தேற்றிய மரம் மட்டும். எலியும் அணிலும் அந்த இடைவெளியைத் தம் வீடாக்கிக்கொள்ளும் என்பதால், தாழ்வாரத்துப் பக்கத்துச் சந்துகளைச் சிறுகண் கம்பி வலையால் அடையுங்கள். மரத்தால் அடைத்தால் காற்று நின்றுவிடும். ஒரு மூலையில் இரண்டடிச் சதுரத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்த்து, சுவரோரமாகக் கரையான் மண்புற்று ஏறுகிறதா என்று சோதிக்கலாம்.

கேள்வி: தச்சரிடம் சதுர அடிக் கணக்கில் வேலையை ஒப்படைக்கப் போகிறேன். எழுதி வாங்க வேண்டியவை எவை? — வாசகர், சேலம்.

பதில்: சதுர அடி விலையில் ரீப்பர், பீடிங், விளக்குத் துளைகள், சாரம் ஆகியவை அடங்குமா என்பதை முதலில் எழுதி வாங்குங்கள், தகராறுகள் பெரும்பாலும் பீடிங்கில்தான் தொடங்குகின்றன. ரீப்பரின் மரம், அளவு, இடைவெளி, பிளக்கின் அளவு, திருகின் நீளம் ஆகியவற்றை எண்களாகவே குறிக்கச் சொல்லுங்கள். பலகையை அறையின் பரப்பைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி, மீந்ததில் ஒரு பெட்டியையாவது பரணில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் அடுத்த ஆண்டு கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ரீப்பர் அடித்து முடித்த நாளன்று, பலகை ஏறுவதற்கு முன், நீங்களே ஏணியில் ஏறி ஒவ்வொரு ரீப்பரையும் இரு கைகளாலும் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். முனகினாலோ தளத்தைவிட்டு விலகினாலோ அந்தத் திருகை மாற்றச் சொல்லுங்கள். நல்ல தச்சர் இதற்குக் கோபப்பட மாட்டார். பிறகு சுவரோரமாக அளவுநாடாவை நீட்டி வைத்து, நான்கு மூலைகளிலிருந்தும் தளத்தைப் படம் எடுங்கள். ரீப்பர் எங்கே, மின்குழாய் எங்கே, பழுதுபார்த்த இடம் எங்கே என்பதைக் காட்டும் அந்தப் படங்களை அச்சிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.